அடித்ததா, ஒட்டியதா? டை பிரேக் நாணயத்தை உறுதிசெய்ய நான்கு வழிகள்

தாராவி 90 அடி சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். கல்லாவுக்கு ஒரு 5 ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்றார். போய்ப் பார்த்தேன். கனமான பழைய குப்ரோ நிக்கல் நாணயம். சிங்கத் தலைப் பக்கத்தில், விளிம்பை ஒட்டி, துவரம்பருப்பு ஒன்றைப் பதித்து வைத்த மாதிரி ஒரு மேடு. இந்தியா என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் அந்த மேட்டுக்குள் மறைந்து போயிருந்தன.

"தம்பி, இது அடிச்சதா, ஒட்டுனதா? ஒருத்தன் 20,000 போகும்ங்கான். இன்னொருத்தன், எவனோ ஈயத்தை ஊத்திருக்கான்ங்கான். நான் யார் பேச்சைக் கேக்க?"

இதே கேள்வி செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. கேள்விக்குப் பின்னால் எப்போதும் இன்னொன்று இருக்கும்: உறுதிசெய்ய எதில் பணம் போடுவது? நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லூப் போதுமா, கம்ப்யூட்டரில் மாட்டும் மைக்ரோஸ்கோப் வாங்க வேண்டுமா, விவரம் தெரிந்தவரிடம் காட்டினால் ஆகுமா, இல்லை அமெரிக்காவுக்கு அனுப்பி சான்று வாங்க வேண்டுமா? நாலையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். நாலிலும் கொஞ்சம் பணத்தை விட்டிருக்கிறேன்.

## முதலில், எதைத் தேடுகிறோம்?

நாணயம் அடிக்கும் அச்சைச் சேகரிப்பாளர்கள் டை என்றே சொல்வார்கள். கடினமாக்கிய எஃகுத் துண்டு அது. இரண்டு டைகளுக்கு நடுவே உலோக வில்லை வந்து நிற்க, ஒரே அடி, நாணயம் ஆயிற்று. இப்படி நிமிடத்துக்குச் சில நூறு அடி. அடி வாங்கி வாங்கி எஃகு ஒரு நாள் களைத்துப்போகிறது. மயிரிழை போல விரிசல் விடும். அடுத்த அடியில் வில்லையின் உலோகம் அந்த விரிசலுக்குள்ளும் பிதுங்கும். அதனால் டையில் பள்ளமாக இருக்கும் விரிசல், நாணயத்தில் மேடான கோடாக வரும். இதுதான் டை கிராக்.

டையிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து விழுந்தால் அது சிப். பெரும்பாலும் 6, 8, 9 போன்ற எண்களின் வளையத்துக்குள் விழும். அந்த வளையத்தின் நடுப்பகுதி, டையில் சுற்றிலும் பள்ளம் சூழ்ந்த சின்னஞ்சிறு தீவாக நிற்கிறது. பெயர்வதற்கு வசதியான இடம். பெயர்ந்தால், நாணயத்தில் அந்த வளையம் அடைத்துக்கொண்டு தெரியும். 1950களின் அமெரிக்க 1 சென்ட் நாணயங்களில் லிபர்ட்டி என்ற சொல்லின் பி எழுத்துக்கும் ஈ எழுத்துக்கும் நடுவே இப்படிப் பெயர்ந்து, அங்கே ஓர் ஐ எழுத்து முளைத்த மாதிரி வந்தவை உண்டு. அதைத் தேடிச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

டையின் ஓரமே ஒரு துண்டாக உடைந்து விழுந்தால் அது பெரிய டை பிரேக். சேகரிப்பாளர் பேச்சில் கட். வெட்டு என்று பொருள்படும் கட் அல்ல இது. மாடு அசைபோடும் கவளத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல். உடைந்த இடத்தில் எழுத்தும் இல்லை, ஓவியமும் இல்லை. விளிம்போடு சேர்ந்த ஒரு மொத்தை மேடு மட்டும் இருக்கும். அண்ணாச்சியின் நாணயம் உண்மையாக இருந்தால் இந்த வகை.

## எந்த அளவுகோலில் எடைபோடலாம்?

எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, மேடா பள்ளமா என்று அந்த வழி தெளிவாகக் காட்டுகிறதா? கீறல் பள்ளம், கிராக் மேடு. பாதிச் சந்தேகங்கள் இதிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, பின்பக்கத்தைப் படிக்க முடிகிறதா? கட் விழுந்த இடத்தில் டைக்கு முகமே இல்லாததால் உலோகம் அந்தக் குழிக்குள் ஓடிவிடுகிறது. நேர் பின்னால் உள்ள வேலைப்பாட்டுக்குப் போதிய அழுத்தம் கிடைக்காமல் அது மங்கிப் பதிகிறது. ஈயத்தை ஊற்றுகிறவனால் முன்பக்கத்தில் மேடு வைக்க முடியும். பின்பக்கத்தை இயல்பாக மங்கவைப்பது அவ்வளவு எளிதல்ல. சிறிய சிப்புக்கு மட்டும் இந்தச் சோதனை பயன்படாது, அங்கே பின்பக்கம் வழக்கம்போலவே இருக்கும்.

மூன்றாவது, இன்னொரு நாணயத்தோடு ஒப்பிட அது உதவுகிறதா? என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று இதுதான். உடைந்த டையை உடனே யாரும் கழற்றுவதில்லை. யார் கண்ணிலாவது படும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே தழும்போடு பல நாணயங்கள் வெளியே வந்திருக்கும். அதே ஆண்டு, அதே நாணயச் சாலை, அதே இடத்தில் அதே வடிவத் தழும்பு என்று இரண்டாவது நாணயம் ஒன்று கிடைத்துவிட்டால், ஒட்டியது என்ற பேச்சுக்கே இடமில்லை. விபத்து இரண்டு நாணயங்களில் ஒரே மாதிரி நடக்காது.

நான்காவது செலவு, மறைந்திருப்பதையும் சேர்த்து. ஐந்தாவது, நாளை விற்கப் போனால் எதிரே இருப்பவர் அதை ஏற்பாரா.

## வழி 1: லூப்பும் மேசை விளக்கும்

10 மடங்கு பெரிதாக்கும் லூப். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மும்பையில் இருப்பவர்களுக்கு ஜவேரி பஜார் பக்கம் நகைத் தொழில் கருவி விற்கும் கடைகளில் கையில் வாங்கிப் பார்த்தே எடுக்கலாம். ஒரே கண்ணாடியாக இல்லாமல் மூன்று கண்ணாடி சேர்த்துச் செய்தது நல்லது. ஓரங்களில் படம் வளையாது. 30 மடங்கு, 40 மடங்கு என்று எழுதிய மலிவு லூப்புகளைத் தொடாதீர்கள். பார்வை வட்டம் குன்றிமணி அளவுக்குச் சுருங்கி, எந்த எழுத்தைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நாணயத்தை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலரும் நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு லூப்பைப் பூதக்கண்ணாடி மாதிரி நடுவானில் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் பாதிதான் தெரியும்.

விளக்கு லூப்பைவிட முக்கியம். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றை நாணயத்துக்குப் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாயுங்கள். மேடான கோடு விளக்கு இருக்கும் பக்கம் மினுங்கும், மறுபக்கம் நிழல் போடும். கீறலில் இது தலைகீழாக நடக்கும். பக்கத்தில் இருக்கும் எழுத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து எப்போதும் மேடு. எழுத்தின் நிழல் விழும் பக்கமே கோட்டின் நிழலும் விழுந்தால், கோடும் மேடுதான்.

1992 முதல் வந்த ஸ்டீல் 1 ரூபாயில் இதைப் பழகலாம். 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம், இரண்டு பக்கமும் தானியக் கதிர், நடுவே 1, கீழே ஆண்டு. ஸ்டீல் கடினமான உலோகம். டையை வேகமாகத் தின்னும். அதனால் இந்த நாணயங்களில் கதிரின் நுனியிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கிராக்குகள் அபூர்வமில்லை. ஒரு கை சில்லறையை எடுத்து அரை மணி நேரம் பார்த்தால் ஒன்றாவது மாட்ட வாய்ப்புண்டு. அப்படி ஒரு நிஜக் கிராக்கைக் கண்ணில் பதியவைத்துக்கொண்டால், போலி எதிரே வரும்போது ஏதோ இடிக்கிறதே என்று மனதுக்குத் தட்டும்.

ஆண்டின் அடியில் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. நாணயச் சாலைக் குறி இருப்பது அங்கேதான். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றுமில்லை. பழைய ஹைதராபாத் நாணயங்களில் பிளந்த வைரமும், நடுவே புள்ளி வைத்த வைரமும் வரும். செம்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வைரமும் பக்கத்தில் புள்ளியும் உள்ள நாணயம் ஒன்றைக் கொண்டுவந்து, "ரெண்டு மின்ட்டும் சேர்ந்து அடிச்சதா சார்?" என்று கேட்டார். லூப்பில் பார்த்தோம். நொய்டாப் புள்ளி உருண்டையாக, ஒழுங்காக இருக்கும். இது ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் சரிவு, உடைந்த கற்கண்டு மாதிரி. டை சிப். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அது உண்மையான டை பிழை என்பதில் சந்தேகமில்லை.

லூப்போடு ஒரு சின்ன நகைத் தராசையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 0.01 கிராம் காட்டுவது. நிஜ கட்டில் மேட்டுக்கான உலோகம் அதே வில்லையிலிருந்து வந்தது; எடை கூடாது. ஊற்றியதில் கூடும். ஆனால் ஒன்று: நாணயங்களுக்கே எடையில் சிறு ஏற்றத்தாழ்வு உண்டு, தேய்மானமும் சேரும். கடுகளவு மேட்டைத் தராசு காட்டிக்கொடுக்காது. எடை கூடியிருந்தால் சந்தேகப்படுங்கள்; சரியாக இருந்தால் அதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள்.

பசையால் ஒட்டியதோ என்று தோன்றினால் சுத்த அசிட்டோன். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாக, சில நிமிடம் ஊறவிட்டால் போதும். நாணய உலோகத்துக்கு எதுவும் ஆகாது. பசையும் வார்னிஷும் இளகும். நான் பல ஆண்டுகளுக்கு முன் நடைபாதையில் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய 2 ரூபாய் "கட்" அந்தக் கிண்ணத்தில் பத்தே நிமிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உலோகத் தூளைப் பிசினில் குழைத்து வைத்திருந்தார்கள். வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை.

ஈயப்பற்று அசிட்டோனுக்கு அசையாது. அதற்குக் கண்தான் வேண்டும்: நிற மாற்றம், மேடும் தளமும் சேரும் இடத்தில் ஒரு கோடு, விளிம்பின் பக்கச் சுவரில் வழிந்த தடம். ஊசியால் சுரண்டிப் பார்க்காதீர்கள். நிஜமாக இருந்தால் நீங்களே கெடுத்தவர் ஆவீர்கள்.

மறைச்செலவு என்று பார்த்தால், பழக்கம் வர இரண்டு மூன்று மாதம். அப்புறம், உங்கள் கண் கண்டதை வேறு யாருக்கும் காட்ட முடியாது. லூப் ஆதாரம் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

## வழி 2: யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்

இணையக் கடைகளில் ஒன்றிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பெட்டியில் 1000 எக்ஸ், 1600 எக்ஸ் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்கவேண்டாம். நாணயத்துக்கு 20 முதல் 60 மடங்கு இருந்தாலே மிகுதி.

இதன் பலம் படம். தழும்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து இரண்டாவது நாணயம் கிடைக்கும்போது பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடலாம். வெளியூர் நண்பருக்கு அனுப்பி, "உங்களிடம் இதே டை இருக்கிறதா?" என்று கேட்கலாம். நான் முக்கியம் என்று சொன்ன மூன்றாவது அளவுகோலில் லூப்பை இது எளிதாக வெல்கிறது.

பலவீனம் வெளிச்சம். முனையைச் சுற்றிலும் வட்டமாக எட்டுச் சின்ன விளக்குகள் இருக்கும். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளிச்சம் விழுவதால் நிழல் செத்துப்போகும். நிழல் இல்லாவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்று. இன்னும் மோசமான விஷயம், வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் மூளை தானாக நினைத்துக்கொள்கிறது. வெளிச்சம் கீழிருந்து விழுந்த ஒரு படத்தில் கீறல் மேடாகவும் கிராக் பள்ளமாகவும் தெரியும். அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பினால், கண்முன்னே மேடு பள்ளமாக மாறும். படத்தை மட்டும் பார்த்து "இது கிராக்" என்று சத்தியம் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுதான்.

ஆகவே வாங்கினால் அந்த வட்ட விளக்கை முழுதாகக் குறைத்துவிட்டு, பக்கத்தில் மேசை விளக்கைத் தாழ்வாக வைத்து எடுங்கள். ஒரே இடத்தை விளக்கின் திசையை மாற்றி இரண்டு படம் எடுங்கள். கூட வரும் தாங்கி பெரும்பாலும் ஆடும். வேறு உறுதியான தாங்கி வாங்க இன்னொரு செலவு. கைபேசி ஒத்துவருமா என்பதையும் முன்பே பாருங்கள்.

பணத்தில் வராத ஒரு செலவும் உண்டு. அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தால் எந்த நாணயமும் போர்க்களம் மாதிரி இருக்கும். பைக்குள் உரசியது, கல்லாவில் விழுந்தது, எண்ணும் இயந்திரம் கடித்தது எல்லாம் பிழையாகத் தோன்றும். புதிதாக வாங்கிய பையன்கள் 40 படங்களை ஒரே இரவில் அனுப்புவார்கள். அதில் பெரும்பாலும் வெறும் அடிபட்ட நாணயங்கள். வெறுங்கண்ணுக்கோ 10 மடங்கு லூப்புக்கோ தெரியாத பிழைக்குச் சந்தையில் யாரும் பணம் தருவதும் இல்லை.

கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் மலிவு. படம் அனுப்ப மட்டும் என்றால் அதுவே போதும்.

## வழி 3: விவரம் தெரிந்த கண்

மும்பையில் இருப்பது இதற்கு ஒரு கொடுப்பினை. 1829 வாக்கில் வேலை தொடங்கிய நாணயச் சாலை ஃபோர்ட்டில், ரிசர்வ் வங்கிக்கு எதிரே இன்றும் நிற்கிறது. அந்த வட்டாரத்தில் நாணயம் தெரிந்த கண்களுக்குப் பஞ்சமில்லை. கண்காட்சிகள் நடக்கும், சேகரிப்பாளர் கூட்டங்கள் நடக்கும். 30 வருடம் நாணயம் புரட்டிய ஒருவர் லூப் எடுக்கும் முன்பே, விரலில் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். செலவு ஒரு டீயும் சி.எஸ்.எம்.டி. வரை ரயில் டிக்கெட்டும்.

சிக்கல் என்னவென்றால், சொல்பவரே வாங்குபவராகவும் இருப்பார். நல்ல கட்டை "அடிபட்ட காசு" என்று சொல்லி 50 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், ஒன்றுமில்லாததை லட்சம் என்று ஏற்றிவிட்டு, "லிஸ்டிங் கட்டணம்" கேட்பவர்களும் உண்டு. பழைய நாணயம் வாங்கி விற்பதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கும் கும்பல்களை நம்பவேண்டாம், அப்படி எந்த வேலையும் நாங்கள் செய்வதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு கொடுத்தது.

அதனால் சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். போகும் முன் இரண்டு பக்கமும் படம், எடை குறிப்பு. "என்ன விலை?" என்று தொடங்குவதில்லை, "இது என்ன?" என்று மட்டும் கேட்பேன். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. பின்பக்கம் மங்கியிருப்பதைக் காட்டி விளக்குபவர் விஷயம் தெரிந்தவர். "நான் சொல்றேன்ல, நம்புங்க" என்பவரிடமிருந்து நாணயத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "ரெண்டு நாள் வச்சுட்டுப் போங்க" என்றால் யாராக இருந்தாலும் விட்டுவிட்டு வருவதில்லை. ஒருவரோடு நிறுத்தாமல், வாங்கும் எண்ணமில்லாத இன்னொருவரிடமும் காட்டுவேன்.

ஃபோர்ட்டில் சர் பி.எம். சாலையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். போவது விலை கேட்க அல்ல. நாணயங்கள் அடிக்கப்பட்டபடியே எப்படி இருக்கும் என்று கண் பழகுவதற்கு.

## வழி 4: கிரேடிங்குக்கு அனுப்புவது

நாணயங்களுக்குத் தரச் சான்று தரும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் அமெரிக்காவில் தொடங்கியவை. நாணயத்தைப் பார்த்து, உண்மையா போலியா என்று தீர்மானித்து, தரம் குறித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பித் தருவார்கள். இந்தப் பெட்டிக்கு ஸ்லாப் என்று பெயர். ஐந்தாவது அளவுகோலில் இதற்கு இணை இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வார்த்தையை நம்பத் தேவையில்லை, பெட்டியை நம்பினால் போதும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைக் கட்டணம், பிழையைப் பெயர் குறித்து எழுத அதற்கு மேல் தனிக் கட்டணம், போக வர அனுப்பும் செலவு, காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கம். பல கூரியர்கள் நாணயத்தை ஏற்பதே இல்லை, ஆகையால் இடையில் ஒருவரைப் பிடித்தால் அவர் கூலி. வாரங்களோ மாதங்களோ காத்திருப்பு. மெல்லிய கிராக்கையும் சிறு சிப்பையும் பொதுவாகத் தனிப் பிழையாக எழுதித் தருவதில்லை. 5 ரூபாய் நாணயத்துக்கு இத்தனையும் செய்து, வெறும் தர எண்ணோடு பெட்டி திரும்பி வந்தால் மனசு விட்டுப்போகும்.

பலரும் அறியாத இன்னொன்றும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். தனிநபர் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. தாத்தா பெட்டியில் கிடைத்த விக்டோரியா ரூபாயில் அருமையான கட் இருந்தாலும், சான்று வாங்க அமெரிக்காவுக்கு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். ரூபாயை 100 பைசாவாகப் பிரித்த தசம நாணயங்கள் 1957 முதல் வந்தவை. அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

## ஒரே பார்வையில்

| | லூப், விளக்கு | மைக்ரோஸ்கோப் | தெரிந்த கண் | கிரேடிங் |
|---|---|---|---|---|
| மேடா பள்ளமா | மிக நன்று | விளக்கை மாற்றினால் நன்று | மிக நன்று | மிக நன்று |
| பின்பக்கச் சோதனை | நன்று | நன்று | மிக நன்று | நன்று |
| இரட்டை நாணய ஒப்பீடு | இரண்டும் கையில் இருந்தால் | மிக நன்று | அவர் நினைவைப் பொறுத்தது | எதிர்பார்க்க வேண்டாம் |
| கைச்செலவு | சில நூறு | ஒன்றிரண்டாயிரம் | டீயும் டிக்கெட்டும் | பல ஆயிரம் |
| மறைச்செலவு | பழகும் காலம் | ஆடும் தாங்கி, வீண் சந்தேகங்கள் | விலையில் ஏமாறுவது | அனுப்பும் செலவு, சுங்கம், காத்திருப்பு |
| வாங்குபவர் நம்புவாரா | மாட்டார் | ஓரளவு | தெரிந்த வட்டத்தில் | நம்புவார் |

## யாருக்கு எது?

கல்லாவில், உண்டியலில், பஸ் சில்லறையில் தேடுபவர் என்றால் லூப், விளக்கு, தராசு. வேறு எதுவும் வாங்காதீர்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு. பிழை நாணயத்தைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு லூப் இன்னும் அவசியம், ஏனென்றால் வாங்கும் இடத்தில் மைக்ரோஸ்கோப்பை விரிக்க முடியாது.

ஒரே டையின் வளர்ச்சியைத் தேடுபவர்கள், அதாவது முதலில் மெல்லிய கிராக், பிறகு தடித்த கிராக், கடைசியில் கட் என்று வரிசையாகச் சேர்ப்பவர்கள், மைக்ரோஸ்கோப்பை வாங்கலாம். எனக்குப் பிடித்த சேகரிப்பு இது. ஒரு டை சாவதைப் படிப்படியாகக் கையில் வைத்திருப்பது போல இருக்கும். படம் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

வயதாகிக் கண் தளர்ந்தவர்களுக்கும் மைக்ரோஸ்கோப் நல்லது. லூப்போடு மல்லாட வேண்டாம், திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

குடும்பச் சொத்தாக வந்த நாணயத்தைப் பங்கு பிரிக்க வேண்டியவர்கள், ஏலத்துக்கு விட நினைப்பவர்கள், முதலில் இரண்டு தெரிந்த கண்களிடம் போகட்டும். இருவரும் தனித்தனியாக ஒரே பதில் சொல்லி, நாணயம் 100 ஆண்டுக்கு உட்பட்டதாகவும் இருந்து, கிரேடிங்குக்கு ஆகும் மொத்தச் செலவைப்போல மூன்று நான்கு மடங்காவது அது போகும் என்று இருவருமே சொன்னால் மட்டும் அனுப்பலாம். இந்திய அன்றாட நாணயங்களில் அப்படிப்பட்டது மிகக் குறைவு. மெல்லிய கிராக் உள்ள ஸ்டீல் ரூபாய்க்கு ஆர்வலர் தருவது முக மதிப்புக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். விளிம்பின் பெரும்பகுதியை விழுங்கிய கட் வேறு கதை.

எந்த வழியில் போனாலும் நாணயத்தைத் தேய்க்காதீர்கள். புளி வேண்டாம், விபூதி வேண்டாம், பல்பொடி வேண்டாம். மெத்தென்ற பிவிசி உறையிலும் போடாதீர்கள். ஓரிரு வருடத்தில் பச்சையாகக் கசியும்.

அண்ணாச்சியின் 5 ரூபாய்க்கு வருகிறேன். மேட்டின் மேல் கட்டைவிரலையும் நேர் பின்னால் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பிடித்து, அப்படியே திருப்பச் சொன்னேன். விரல் இருந்த இடத்தில், எண் 5க்குப் பக்கத்துப் பூ வேலைப்பாடு கரைந்த மாதிரி மங்கியிருந்தது. மறுபக்கத்துப் பூ கூர்மையாக இருந்தது. மேடு தளத்தோடு சேரும் இடத்தில் கோடு இல்லை. நிறமும் தேய்மானமும் நாணயத்தின் மற்ற இடங்களைப் போலவே. பக்கச் சுவரில் எதுவும் வழியவில்லை. மளிகைக் கடைத் தராசு இதற்கு ஆகாது என்பதால் பக்கத்து அடகுக் கடையில் நிறுத்தோம்: 8.97 கிராம். இந்த நாணயத்துக்கு இருக்க வேண்டியது 9.

"அடிச்சதுதான் அண்ணாச்சி" என்றேன். 20,000 போகாது என்பதையும் சொன்னேன். இன்னொன்று கிடைக்கிறதா என்று கல்லாவைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அதே ஆண்டு, அதே வைரக் குறி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். அதே ஆண்டு, அதே குறி. இதில் மேடு இல்லை. எழுத்துகள் இரண்டும் முழுசாக இருக்கின்றன. ஆனால் அந்த இரண்டு எழுத்துகளைச் சுற்றி, விளிம்பிலிருந்து விளிம்புக்கு, வளையம் மாதிரி ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதாம். துண்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அதே டை அடித்த நாணயம். படத்தைக் கைபேசியில் பக்கத்தில் பக்கம் வைத்து அனுப்பியிருந்தார். இரண்டு மூலைகளும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் முருகன் படத்தடியில் வைத்திருக்கிறார். விரிசல் தொடங்கும் முன் அடித்தது ஒன்று வேண்டும் என்று இப்போது தேடுகிறார்.